பவளமல்லிக்கு எத்தனை பெயர்!

காலை ஷிஃப்ட் நேரத்தில் ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் சாலையில் நின்றால் தமிழ், இந்தி, ஒடியா, வங்காளம், அசாமி என்று எல்லா மொழியும் காதில் விழும். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிய பிறகு வளர்ந்த பகுதி இது. வேலைக்கு வந்து இங்கேயே வீடு வாங்கியவர்களில், ஊரில் தனியாக இருக்கும் அம்மா அப்பாவை அழைத்து வருபவர்களும் உண்டு. கணவன், மனைவி இருவருக்கும் ஷிஃப்ட் என்றால், பெரியவர்களை யார் பார்த்துக்கொள்வது? பேச்சு முதியோர் இல்லத்தில் வந்து நிற்கிறது.

அப்படி ஓர் இல்லத்தில் ஒடியா மட்டுமே பேசும் ஓர் அம்மாவை நினைத்துப் பாருங்கள். நர்ஸ் பேசுவது புரியாது, சாப்பாடு புதிது, டி.வி-யில் தமிழ் சீரியல். மறதி நோய் வந்தவர்களில் சிலருக்கோ, பிற்பாடு கற்ற மொழி முதலில் நழுவி, தாய்மொழிதான் மிஞ்சக்கூடும். இந்தி கொஞ்சம் தெரிந்திருந்தாலும் அதுவும் கைகொடுக்காமல் போகலாம். அந்த அம்மாவோடு பேச தோட்டத்தால் முடியும்.

ஆனால், பல இடங்களில் தோட்டம் என்றால் கொரியன் புல் (கார் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை), நாலு குரோட்டன்ஸ், ‘பூக்களைப் பறிக்காதீர்கள்’ போர்டு. போட்டோவுக்கு அழகாக இருக்கும். வாழ்நாள் முழுக்க விடிந்ததும் பூப்பறித்த கைகளுக்கு அங்கே என்ன வேலை?

ஒரு பவளமல்லி வையுங்கள். வங்காளிக்கு அது சிவுலி, அசாமியருக்குச் சேவாலி, ஒடியாவில் கங்கசிவுலி, இந்தியில் ஹர்சிங்கார். மேற்கு வங்கத்தின் மாநில மலரும் அதுதான். துர்கா பூஜை வருவதைச் சொல்லும் பூ. இரவில் மலர்ந்து விடியலில் உதிரும். தரையில் விழுந்தாலும் சாமிக்கு ஆகும் பூ என்பதால் பறிக்கவே வேண்டாம். குனிய முடியாதவர்களுக்காக மரத்தடியில் பழைய புடவையை விரித்துவிட்டால், காலையில் அள்ளி மேஜையில் கொட்டலாம். சுற்றி உட்கார்ந்து தொடுக்க மொழி எதற்கு? மருதாணி, கறிவேப்பிலை, முருங்கையும் அப்படித்தான்.

எல்லாச் செடியும் எல்லாருக்கும் ஒன்றல்ல. நாம் பூஜைக்குத் தொடுக்கும் சாமந்தி வெள்ளையாக இருந்தால் ஜப்பானிலும் கொரியாவிலும் துக்க வீட்டுப் பூ. இலங்கையில் புத்தருக்குப் படைக்கும் ‘அரலிய’ மரம், சிங்கப்பூர், மலேசியாவில் கல்லறை மரமாகப் பார்க்கப்படுகிறது. துளசி மாடம் வேண்டும்தான்; ஆனால் நட்டநடுவில் வேண்டாமே. ஒரு பக்கமாக வைத்து, எந்த அடையாளமும் இல்லாத நிழல் பெஞ்ச் ஒன்றை இன்னொரு பக்கம் போட்டால், இஸ்லாமியரோ கிறிஸ்தவரோ அங்கே நிம்மதியாக உட்காரலாம். எதையும் நடுவதற்கு முன்னால் அங்கே இருப்பவர்களிடம், பேச முடியாவிட்டால் பிள்ளைகளிடம், ‘உங்கள் வாசலில் என்ன செடி இருந்தது?’ என்று கேட்க வேண்டும்.

நெடுஞ்சாலை நடுவே பூத்துக் குலுங்கும் அரளி மட்டும் கூடவே கூடாது. அதன் இலை, பூ எல்லாமே விஷம். மறதி உள்ளவர்கள் கிள்ளி வாயில் போட்டுக்கொள்ளக்கூடும்.

அடுத்தது, பூட்டு. விழுந்துவிடுவார்கள் என்ற பயத்தில் தோட்டக் கதவைப் பூட்டிவைப்பவர்கள் உண்டு. பயம் நியாயம்தான், வடகிழக்குப் பருவமழையில் பாசி வழுக்கும். அதற்குச் சொரசொரப்பான தரை, கைப்பிடி, 12 அடி நீளத்துக்கு 1 அடிக்கு மேல் உயராத சாய்தளம் போதும். பாதை எங்கும் முட்டி நிற்காமல் சுற்றி வந்து கதவிலேயே சேர வேண்டும். டைல்ஸில் கறுப்புக் கட்டங்கள் வேண்டாம். மறதி நோயாளியின் கண்ணுக்கு அது பள்ளமாகத் தெரியலாம். இரண்டரை அடி உயரத்தில் தொட்டி கட்டி மண் நிரப்பினால், வீல்சேரில் இருந்தபடியே கீரை விதைக்கலாம்.

பெரியவர்களுக்கு இல்லம் பார்க்கப் போகிறவர்கள் அறை, பாத்ரூம், கட்டணம் எல்லாம் விசாரிப்பார்கள். காலை ஏழு மணிக்கு ஒருமுறை போய், தோட்டக் கதவு திறந்திருக்கிறதா, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்றும் பார்த்துவிட்டு வாருங்கள்.