பெயர் வைக்க எத்தனை நாள்?

மக்கள் தேர்ந்தெடுத்த தலைவரை இராணுவம் பிடித்து உள்ளே வைத்தால் அதற்குப் பெயர் ஆட்சிக் கவிழ்ப்பு. அகராதி எல்லாம் தேவையில்லை. ஆனால் அமெரிக்க அரசுக்கு இந்தச் சொல் சில நேரம் உடனே வாயில் வருகிறது, சில நேரம் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

காரணம் அவர்களுடைய சட்டம். முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரை இராணுவம் கவிழ்த்தால், அந்நாட்டு அரசுக்குப் போகும் உதவிப் பணத்தை நிறுத்த வேண்டும். 1980களிலிருந்தே இருக்கும் விதி. பெயரைச் சொன்னால் காசு நிற்கும், சொல்லாவிட்டால் ஓடும்.

இப்போது தேதிகளைப் பாருங்கள். மியன்மாரில் 2021 பிப்ரவரி 1இல் ஆங் சான் சூச்சியை இராணுவம் பிடித்தது. மறுநாளே வாஷிங்டன் 'கவிழ்ப்பு' என்று அறிவித்தது. நைஜரில் 2023 ஜூலை 26இல் அதிபர் பஸூம் பிடிபட்டார். அங்கே அகாடெஸ் நகரில் அமெரிக்க டிரோன் தளம் இருந்தது. பெயர் வைக்க அக்டோபர் 10 வரை ஆனது. எகிப்தில் 2013 ஜூலை 3இல் அதிபர் மோர்சியை ஜெனரல் சிசி இறக்கினார். எகிப்துக்கு வருடம் 130 கோடி டாலர் இராணுவ உதவி போகிறது. சூயஸ் கால்வாய் வேறு இருக்கிறது. அது கவிழ்ப்பா இல்லையா என்று முடிவு செய்யும் கட்டாயமே தனக்கு இல்லை என்று சொல்லிவிட்டது ஒபாமா அரசு.

அடுத்த மாதம் 14ஆம் தேதி கெய்ரோவின் ரபா சதுக்கத்தில் குறைந்தது 817 பேர் கொல்லப்பட்டார்கள் என்கிறது ஹியூமன் ரைட்ஸ் வாட்ச். கொஞ்ச காலம் சில ஆயுதங்களை நிறுத்தி வைத்தார்கள். 2015இல் அதையும் விடுவித்தாயிற்று.

"மோர்சிக்கு எதிராக இலட்சக்கணக்கான மக்கள் தெருவில் நின்றார்களே?" என்று கேட்பீர்கள். நின்றார்கள்தான். ஆனால் சட்டத்தில் அப்படி ஒரு விலக்கு கிடையாது. மியன்மார் ஜெனரல்களும்தான் தேர்தல் மோசடி என்று காரணம் வைத்திருந்தார்கள்.

எல்லா நாடும் தன் நலனைத்தான் பார்க்கும், இதில் என்ன அதிசயம் என்பவர்களும் உண்டு. சரி, பார்க்கட்டும். அப்படியானால் ஜனநாயகப் பாடம் எடுக்க வேண்டாம். கெய்ரோவில் விழுங்கிய சொல்லை யாங்கூனில் உரக்கச் சொன்னால் எந்த ஜெனரல் பயப்படுவான்? அந்தச் சொல் உண்மையிலேயே தேவைப்படுகிற மியன்மார் மக்களுக்குத்தான் நட்டம்.

நமக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. தமிழ்ச் செய்திகளில் இன்னமும் 'இராணுவப் புரட்சி' என்று எழுதுகிறோம். பீரங்கி வண்டியோடு வந்து நாற்காலியைப் பிடிப்பவனுக்கு எதற்குப் புரட்சிப் பட்டம்? கவிழ்ப்பு என்றே எழுதுவோம், எந்த நாடாக இருந்தாலும்.