கண் படிப்பதையே கணினியும் படிக்க வேண்டும்

2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் ஐபோன்களுக்கு அவசரத் திருத்தம் ஒன்றை வெளியிட்டது. மறுமுனையில் இருப்பது உண்மையான சர்வர்தானா என்று கையொப்பத்தைச் சரிபார்க்கும் நிரலில், ‘கோட்டு ஃபெயில்’ (goto fail), அதாவது மீதிச் சோதனையை விட்டு முடிவுக்குத் தாவு என்ற வரி தவறுதலாக அடுத்தடுத்து இரண்டு முறை இடம்பெற்றிருந்தது. சி மொழியில் ‘இஃப்’ நிபந்தனைக்குக் கீழே ஒரே கட்டளை இருந்தால் அடைப்புக்குறி தேவையில்லை. அதனால் முதல் வரி மட்டுமே நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. இரண்டாவது வரி எப்போதும் ஓடியது. கையொப்பத்தைச் சோதிக்காமலேயே ‘சரி’ என்று முடிவு சொல்லப்பட்டது. இரண்டு வரிகளும் ஒரே அளவு உள்ளே தள்ளி எழுதப்பட்டிருந்ததால், இரண்டுமே நிபந்தனைக்குள் அடங்கியவை போலத் தோன்றின.

இதை எழுதியவரின் கவனக்குறைவு என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. கண்ணுக்கு ஒன்றைக் காட்டிவிட்டு, கணினியை வேறொன்றைச் செய்ய வைக்கும் இடைவெளியை அந்த மொழியின் இலக்கணமே அனுமதித்தது. இத்தகைய இடைவெளியைப் பயன்படுத்தித்தான் 2003இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் ஒரு பிரதியில் யாரோ திருட்டுத்தனமாக இரண்டு வரிகளை நுழைத்தார்கள். ஒப்பிடுவதற்கான இரட்டைச் சமக்குறி இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றைச் சமக்குறி. பார்வைக்குச் சாதாரணச் சோதனை. உண்மையில் முழு அதிகாரத்தையும் அள்ளிக் கொடுக்கும் கட்டளை. நல்லவேளையாக அது முன்கூட்டியே பிடிபட்டது. பைத்தானில் நிபந்தனைக்குள் ஒற்றைச் சமக்குறி போட்டால் நிரல் ஓடவே ஓடாது. 1991இல் வெளியான அந்த மொழியில், உள்ளே தள்ளி எழுதுவதுதான் எந்த வரி எதற்குக் கட்டுப்பட்டது என்பதைத் தீர்மானிக்கிறது. கோ, ரஸ்ட், ஸ்விஃப்ட் ஆகியவை அடைப்புக்குறியைக் கட்டாயமாக்கின. வழிகள் வேறு, நோக்கம் ஒன்றுதான்.

‘எல்லாம் பழக்கம்தான், பழகிவிட்டால் எந்த மொழியும் எளிது’ என்பார்கள். அனுபவசாலிகளுக்கு அது ஓரளவு பொருந்தலாம். ஆனால் ஆய்வாளர்கள் ஆண்ட்ரியாஸ் ஸ்டெஃபிக்கும் சூசன்னா சீபர்ட்டும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், பெர்ல், ஜாவா ஆகியவற்றின் பாணியில் எழுதிய புதியவர்கள், குறியீடுகளைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்து உருவாக்கிய மொழியில் எழுதியவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு சிறப்பாகச் செய்யவில்லை. பைத்தான், ரூபி பாணியில் எழுதியவர்கள் சிறப்பாகச் செய்தார்கள். எச்சரிக்கும் கருவிகள் போதாதா என்ற கேள்வியும் நியாயமானது. 2016இல் வந்த ஜிசிசி 6 என்ற கம்பைலர் இத்தகைய ஏமாற்றும் உள்தள்ளலைச் சுட்டிக்காட்டுகிறது. ஆனால் எச்சரிக்கையைப் புறக்கணிக்கலாம், அணைத்தும் வைக்கலாம். இலக்கணத்தை மீறினால் நிரலே உருவாகாது. பைத்தானிலும் குறை உண்டு: டேபும் ஸ்பேசும் கலந்தால் கண்ணுக்குத் தெரியாத குழப்பம் வரும். பைத்தான் 3 அத்தகைய முரணான கலப்பைப் பிழை என்று நிராகரிக்கிறது. அந்தக் குறையையும் இலக்கணத்தை இறுக்கியே தீர்த்தார்கள்.

நிரலை எழுதுபவர் ஒருவர். அதைப் பல ஆண்டுகள் படித்துத் திருத்துபவர்கள் பலர். எழுதும்போது மிச்சமாகும் இரண்டு குறிகளுக்காக அவர்கள் அத்தனை பேரையும் ஏமாற விடக் கூடாது. புதிய பணிக்கு மொழியைத் தேர்ந்தெடுப்பவர்களும், மாணவர்களுக்கு முதல் மொழியைக் கற்றுக்கொடுப்பவர்களும் வேகத்தையும் வேலைவாய்ப்பையும் பார்ப்பதோடு, தவறு கண்ணில் படும்படி எழுத வைக்கும் மொழிதானா என்பதையும் பார்க்க வேண்டும்.