தூக்கு கிடைத்தது, சாதி கிடைக்கவில்லை

ஆய்வுக் குழுவின் முன் சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் அட்டவணையை வைத்தேன். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கும் பட்டியல் சாதி மாணவர்கள் நேர்முகத் தேர்வில் தொடர்ந்து சரிவதைக் காட்டும் அட்டவணை அது. மூத்த பேராசிரியர் ஒருவர் பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எண்கள் எல்லாம் சரிதான்மா. ஆனா யாரு சாதி பாத்து மார்க் போட்டாங்கன்னு நிரூபிக்க முடியுமா?"

அன்று பதில் வரவில்லை. பிறகு ஒரு வழக்கைப் படித்தபோதுதான் இந்தக் கேள்விக்குப் பெரிய வரலாறு இருப்பது தெரிந்தது.

1978 மே 13. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம், அட்லாண்டா நகரம். மரச்சாமான் கடை ஒன்றைக் கொள்ளையடிக்க நான்கு பேர் ஆயுதங்களோடு நுழைந்தார்கள். தகவல் கிடைத்து உள்ளே வந்த போலீஸ்காரர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் வெள்ளையர். பிடிபட்ட வாரன் மெக்ளெஸ்கி கறுப்பர். கொள்ளையில் தனக்குப் பங்கிருந்ததைப் போலீசிடம் ஒப்புக்கொண்ட அவர், சுட்டது தான் இல்லை என்றார். சுட்டதாக அவரே தங்களிடம் சொன்னார் என்று கூட்டாளி ஒருவரும், பக்கத்து அறைக் கைதி ஒருவரும் சாட்சி சொன்னார்கள். 11 வெள்ளையரும் ஒரே ஒரு கறுப்பரும் இருந்த ஜூரி மரண தண்டனை கொடுத்தது.

கொல்லப்பட்டவரின் உயிர் மலிவானதல்ல. அந்தக் கொலையை நியாயப்படுத்த நான் வரவில்லை. அந்த உயிருக்குச் சட்டம் கொடுத்த மதிப்பை மற்ற உயிர்களுக்கும் கொடுத்ததா என்பதே கேள்வி.

கொடுக்கவில்லை என்பதை எண்களால் காட்டினார் டேவிட் பால்டஸ் என்ற ஆய்வாளர். 1970களில் ஜார்ஜியாவில் நடந்த 2,000க்கும் மேற்பட்ட கொலை வழக்குகளை அவரது குழு ஆராய்ந்தது. கொல்லப்பட்டவர் வெள்ளையர் என்றால் 11 விழுக்காடு வழக்குகளில் மரண தண்டனை; கறுப்பர் என்றால் 1 விழுக்காடு. கொன்றவர் கறுப்பராகவும் இறந்தவர் வெள்ளையராகவும் இருந்தால் 22 விழுக்காடு. குற்றத்தின் கொடூரம், முந்தைய குற்றங்கள் என்று இனத்துக்குத் தொடர்பில்லாத காரணிகளைக் கழித்துப் பார்த்த பிறகும், வெள்ளையரைக் கொன்றவர் மரண தண்டனை பெறும் வாய்ப்பு 4.3 மடங்கு.

மெக்ளெஸ்கியின் வழக்கு நடந்த ஃபுல்டன் கவுண்டியில் போலீசார் கொல்லப்பட்ட வழக்குகளில் அக்காலத்தில் சிக்கியவர்கள் 17 பேர். மரண தண்டனை பெற்றவர் மெக்ளெஸ்கி ஒருவரே. அவரைத் தவிர இன்னும் ஒருவரின் வழக்குதான் தண்டனை விசாரணை வரைக்குமே போனது. அதில் இறந்த போலீஸ்காரர் கறுப்பர். தீர்ப்பு ஆயுள் தண்டனை.

1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்பளித்தது. எண்கள் செல்லும் என்றே வைத்துக்கொண்டது. ஆனால் இந்த வழக்கில், இந்த மனிதருக்கு எதிராக, யாரோ ஒருவர் நிறவெறி நோக்கத்தோடு நடந்தார் என்று நிரூபி என்றது. இந்த வாதத்தை ஏற்றால் குற்றவியல் நீதி அமைப்பு முழுவதும் கேள்விக்குள்ளாகும் என்றும் கவலைப்பட்டது. அளவுக்கு மீறி நீதி கிடைத்துவிடுமோ என்ற பயம் இது என்று மாறுபட்ட தீர்ப்பில் எழுதினார் நீதிபதி பிரென்னன்.

என் பேராசிரியரின் கேள்வியும் இதேதான். அமைப்பு செய்யும் குற்றத்துக்குத் தனிமனிதரின் மனதில் சாட்சி தேடச் சொல்வது. தேடினால் கிடைக்காது. "நான் சாதி பாக்கறதில்ல" என்று சொல்லாதவர் யார் இருக்கிறார்?

கயர்லாஞ்சியை நினைத்துப் பாருங்கள். 2006இல் மகாராஷ்டிராவின் அந்தக் கிராமத்தில் ஒரு தலித் குடும்பத்தில் நான்கு பேர் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். 2008இல் விசாரணை நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தாது என்றது. 2010இல் உயர் நீதிமன்றம் தூக்கை 25 ஆண்டுச் சிறையாகக் குறைத்தது. சாதியை அதுவும் ஏற்கவில்லை. தூக்கு கிடைத்தது, சாதி கிடைக்கவில்லை. பிறகு அந்தத் தூக்கும் நிற்கவில்லை.

தோழர்களே, ஒவ்வொரு ஆணவக்கொலைக்குப் பிறகும் 'தூக்கில் போடு' என்று நாமும் முழங்குகிறோம். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் சாதியின் பெயரைச் சொல்லாமலே தூக்குத் தீர்ப்பு எழுத முடியும் என்று கயர்லாஞ்சி காட்டிவிட்டது. யாரின் உயிருக்கு என்ன விலை என்று தூக்குமேடை கணக்குப் பார்க்கும் என்று அட்லாண்டா காட்டிவிட்டது. நமக்கு வேண்டியது வேறு: சாதியைச் சாதி என்று எழுதும் தீர்ப்பு. சாதியைக் காரணமாகக் கொண்டே குற்றம் நடந்தது என்று காட்டு என்றிருந்த வன்கொடுமைச் சட்டப் பிரிவு, பாதிக்கப்பட்டவரின் சாதி தெரிந்திருந்தாலே போதும் என்று 2016 முதல் மாறியது. தூக்குக் கயிறு தராத ஒன்றை அந்தச் சில சொற்கள் தரும். அதைக் காப்பதும், நீதிமன்றங்களில் நடைமுறைப்படுத்த வைப்பதும் நம் வேலை.

மரண தண்டனையை ஒழிப்பதையே தான் ஆதரிப்பேன் என்று 1949இல் அரசியல் நிர்ணய சபையில் சொன்னவர் அண்ணல் அம்பேத்கர்.

மெக்ளெஸ்கி 1991 செப்டம்பர் 25 அன்று மின்சார நாற்காலியில் கொல்லப்பட்டார். அவருக்கு எதிரான தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பவல். எந்த வழக்கிலாவது உங்கள் வாக்கை மாற்ற விரும்புவீர்களா என்று ஓய்வுக்குப் பிறகு வாழ்க்கை வரலாற்றாசிரியர் கேட்டபோது, ஆம், மெக்ளெஸ்கி வழக்கில் என்றார் அவர். ஐந்துக்கு நான்கு. அந்த ஒரு வாக்கு மாறியிருந்தால் தீர்ப்பே மாறியிருக்கும்.