கப்பலுக்குப் போகிறேன் என்கிற பிள்ளையிடம்



எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்று வீடுகளில் பேச்சு சூடுபிடிக்கும் நாட்களில் எங்கள் இதழின் அலுவலகத்துக்குத் தவறாமல் வந்து சேரும் கேள்வி ஒன்று உண்டு. இந்த முறை கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகனுக்கு 19 வயது. கடற்படையில் சேர்ந்தே தீருவேன் என்று நிற்கிறான். விடிகாலையில் சத்தம் கேட்காமல் கொல்லைக் கதவுத் தாழ்ப்பாளை நீக்கிவிட்டு பைபாஸ் ரோட்டில் ஓடப் போகிறானாம். அம்மா தூங்குவதாக அவன் நினைப்பு. அவரோ விழித்துக்கொண்டே படுத்திருக்கிறார். அப்பா அவனோடு முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டார். “இருப்பது ஒரே பையன். தடுத்தால் பாவமா, விட்டால் பாவமா?” என்று கேட்டிருக்கிறார்.

அம்மா, உங்கள் கேள்வி உங்கள் வீட்டோடு நிற்பதில்லை. அதனால்தான் இந்தப் பக்கத்தில் பேசுகிறேன்.

கடற்படைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு 18 நிறையவில்லை என்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். நிறைந்துவிட்டால் வேண்டாம். சட்டம் அவனைப் பெரியவன் என்று ஒப்புக்கொண்டுவிட்டது. இனி நம்மிடம் அவன் எதிர்பார்ப்பது அனுமதியை அல்ல, துணையை. இதை ஏற்றுக்கொள்ள எத்தனை கஷ்டம் என்பது பெற்றவர்களுக்குத்தான் தெரியும்.

பயமாக இருக்கிறதா? சொல்லிவிடுங்கள். உட்கார வைத்து, “எனக்குப் பயமாக இருக்குதுடா, கடல் என்றாலே அடிவயிறு கலங்குது” என்று ஒருமுறை மனம்விட்டுச் சொல்லுங்கள். அவனுக்கு அது தெரியத்தான் வேண்டும். ஆனால் தினமும் சாப்பாட்டு நேரத்தில் அதையே சொல்லி அழுவதும், மாத்திரை போட மாட்டேன் என்று அடம்பிடிப்பதும், “நீ போனா என் பிணத்தைத் தாண்டிப் போ” என்பதும் பயத்தைச் சொல்வதாகாது. அதற்குக் கட்டுப்பட்டு வீட்டில் தங்கிவிடும் பிள்ளை, நாற்பது வயதிலும் அந்தக் கணக்கை மனதுக்குள் வைத்திருப்பான். நம் முகத்துக்கு நேரே கேட்க மாட்டான், அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறான வீடுகளும் இருக்கின்றன. “பட்டாளத்தில் போய் நாலு உதை வாங்கினால்தான் உருப்படுவான்” என்று, விருப்பமில்லாத பையனைப் பிடித்துத் தள்ளும் அப்பாக்கள். இது எனக்கு இன்னும் வருத்தம் தருகிறது. பிள்ளையைத் திருத்தும் வேலையை நாம் ராணுவத்திடம் ஒப்படைக்க முடியாது. மனமில்லாதவனுக்கு அங்கே ஒவ்வொரு நாளும் தண்டனை.

சரி, துணை நிற்பது என்றால் என்ன செய்வது? முதலில், அவன் எதில் சேரப்போகிறான் என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊர்களில் சரக்குக் கப்பல் வேலையையும் ‘நேவி’ என்றே சொல்கிறோம். அது மெர்ச்சன்ட் நேவி. கம்பெனி வேலை, வேறு படிப்பு, வேறு சம்பளம். அங்கே சேர்த்துவிடுவதாகச் சொல்லி லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு ஓடியவர்களின் கதை பல மாவட்டங்களில் உண்டு. இந்தியக் கடற்படைக்குத் தேர்வுக் கட்டணம் தவிர யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டியதில்லை. “எனக்கு மேலே ஆள் தெரியும்” என்று யார் வந்து நின்றாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கடற்படைக்குள்ளும் வாசல்கள் பல. அதிகாரியாகச் சேர, பிளஸ் டூவுக்குப் பின் என்.டி.ஏ. எனும் தேசியப் பாதுகாப்பு அகாதெமிக்கான தேர்வு இருக்கிறது, ஜே.இ.இ. மெயின் மதிப்பெண்ணை வைத்துப் பி.டெக். நுழைவு இருக்கிறது, பட்டம் முடித்தவர்களுக்குத் தனி வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் எஸ்.எஸ்.பி. எனும் ஐந்து நாள் நேர்காணலைத் தாண்டியாக வேண்டும். கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில், எழிமலையில் இருக்கிறது அதிகாரிகளுக்கான பயிற்சிக் கழகம். மாலுமியாகச் சேர்வதற்கு 2022இல் வந்த அக்னிபத் திட்டம். பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஒரு பிரிவு. பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் படித்தவர்களுக்கு இன்னொரு பிரிவு. பதினேழரை வயது முதல் 21 வரை உள்ளவர்களுக்கான திட்டம் இது. பிளஸ் டூ முடித்த பையன் அதிகாரித் தேர்வையும் எழுதிப் பார்க்கலாம் என்பதே பல வீடுகளில் தெரிவதில்லை. அதைச் சொல்லித் தரவேண்டியவர்கள் நாம்.

அக்னிபத் வழியே அக்னிவீராகச் சேர்வது என்றால் ஒப்பந்தத்தை இருவரும் சேர்ந்து படியுங்கள், ஒரு வரி விடாமல். நான்கு ஆண்டுப் பணி. முதல் ஆண்டு மாதம் 30,000 ரூபாய். அதில் கைக்கு வருவது 21,000. மீதி சேவா நிதியில் சேரும், அரசும் அதே அளவு போடும். நான்காம் ஆண்டில் சம்பளம் 40,000 ஆகும். முடிவில் வட்டியோடு சுமார் 11.71 லட்சம் என்று திட்டத்தை அறிவித்தபோது சொன்னார்கள். ஓய்வூதியம் கிடையாது. நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்வது அதிகபட்சம் நூற்றுக்கு 25 பேரை. மற்றவர்கள் இருபதுகளின் நடுவில் அந்தத் தொகையோடு வீட்டுக்கு வருவார்கள். இந்த நான்கு ஆண்டுகளில் திருமணம் செய்துகொள்ள முடியாது. பிடிக்கவில்லை என்று நடுவில் எழுதிக் கொடுத்துவிட்டு வரவும் முடியாது. மிக அரிதான சூழ்நிலையில்தான் விடுவிப்பார்கள். விதிகள் மாறலாம் என்பதால் அவன் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும்.

“நாலு வருஷம் முடிஞ்சு எடுத்துக்கலேன்னா என்ன செய்வே?” இந்தக் கேள்வியைக் கேளுங்கள். மடக்குவதற்காக அல்ல. அந்தப் பணத்தில் மேலே படிப்பானா, கடற்படையில் கற்ற வேலையை வைத்து வெளியே வேலை தேடுவானா, மறுபடி வேறு தேர்வு எழுதுவானா? பதில் இன்றைக்கே வரவேண்டும் என்பதில்லை. யோசிக்கத் தொடங்கினால் போதும். என்னைக் கேட்டால், நான்கு ஆண்டு என்பது ஓர் இளைஞனுக்குக் குறைவான காலம் என்றும், அதற்குப் பின் அவனுக்கு வலுவான ஏற்பாடு வேண்டும் என்றும்தான் சொல்வேன். ஆனால் அந்தக் குறைக்காக அவன் ஆசையைக் குறை சொல்ல மாட்டேன்.

பிறகு, கையால் செய்யக்கூடிய உதவிகள். எழுத்துத் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகிறது. தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் இது. கணக்குத் தெரியும், கேள்வி புரியாது. பழைய வினாத்தாள்களோடு தினம் ஒரு மணி நேரம் உட்கார, தெரிந்த ஆசிரியர் ஒருவர் கிடைத்தால், பெரிய பயிற்சி மையத்துக்குக் கட்டும் பணம் மிச்சம். உடல்தகுதியில் 1.6 கிலோமீட்டரை ஆண்கள் ஆறரை நிமிடத்திலும் பெண்கள் எட்டு நிமிடத்திலும் ஓடி முடிக்க வேண்டும். முகம் கொடுத்துப் பேசாத அந்த அப்பா ஒருநாள் காலையில் கடிகாரத்தோடு பைபாஸ் ரோட்டுக்கு வந்து நின்றால் எப்படி இருக்கும்! ஒரு வார்த்தை பேச வேண்டாம். “ஏழு நிமிஷம் பத்து செகண்டு” என்று மட்டும் சொன்னால் போதும்.

கண் மருத்துவரிடம் முன்கூட்டியே ஒருமுறை காட்டிவிடுங்கள். நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருக்கும் பல பிள்ளைகளுக்கு, இருப்பதே தெரியாது. எழுத்துத் தேர்வு, ஓட்டம் எல்லாம் தாண்டி, மருத்துவப் பரிசோதனையில் அது தெரியவந்து திரும்பும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாது. முன்பே தெரிந்தால் வேறு பாதையை நிதானமாகத் தேடலாம். நீச்சல் தெரியாதே என்று சிலர் தயங்குகிறார்கள். அது தடையில்லை, பயிற்சியில் கற்றுத் தருவார்கள்.

தேர்வானால் ஒடிசாவில், சிலிகா ஏரிப் பக்கம் இருக்கும் ஐ.என்.எஸ். சில்காவில் பயிற்சி. அங்கிருந்து, பெரும்பாலும் முதல் மாதத்திலேயே, ஓர் அழைப்பு வரும். சுற்றிலும் இந்தி, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, கால் முழுக்கக் கொப்புளம். “என்னால முடியலம்மா, வந்துடறேன்.” அந்த நேரத்தில் “அப்பவே சொன்னேனே, கேட்டியா?” என்ற வார்த்தை நாக்கின் நுனிவரை வரும். விழுங்கிவிடுங்கள். “இன்னைக்கு என்ன சாப்பிட்டே? கொப்புளத்துக்கு மருந்து போட்டாங்களா? பக்கத்துக் கட்டில்ல யாரு, எந்த ஊர்?” என்று கேளுங்கள். பேசி முடிக்கும்போது குரல் கொஞ்சம் தெளிந்திருக்கும். அவன் அழைத்தது தீர்ப்புக் கேட்க அல்ல. வீட்டுக் குரலைக் கேட்க. நாம் அழுவதை அவன் போனை வைத்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கப்பலில் ஏறிய பிறகு பேசாத நாட்கள் வரும். நீர்மூழ்கி என்றால் வாரக்கணக்கில் ஒரு தகவலும் இருக்காது. எந்தக் கப்பல், எங்கே போகிறது, எப்போது திரும்பும் என்பதை உறவினர்களிடமும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் சொல்லாமல் இருப்பதும் இனி வீட்டுக்காரர்களின் கடமை. பெருமையில் போட்டுவிடத் தோன்றும், வேண்டாம்.

ஆபத்து இல்லையா என்றால், இருக்கிறது. 1971 டிசம்பர் 9 அன்று, பாகிஸ்தானுடனான போரில், ஐ.என்.எஸ். குக்ரி போர்க்கப்பல் மூழ்கியபோது 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். அவர்களில் ஒருவராக, கப்பலின் கேப்டன் மகேந்திரநாத் முல்லாவும் அதோடு போனார். 2013இல், போர் எதுவும் இல்லாத ஓர் ஆகஸ்ட் இரவில், மும்பை துறைமுகத்துக்குள்ளேயே சிந்துரக்ஷக் நீர்மூழ்கி வெடித்து 18 பேர் உயிரிழந்தார்கள். இதைப் பிள்ளையிடம் மறைக்கவும் வேண்டாம், மிரட்டப் பயன்படுத்தவும் வேண்டாம். அவன் போக நினைப்பதற்கான காரணமும் அதே கடலில்தான் இருக்கிறது. 2015 டிசம்பரில் சென்னை விமான நிலையம் வெள்ளத்தில் மூழ்கியபோது அரக்கோணத்தில் உள்ள கடற்படைத் தளமான ராஜாளியிலிருந்துதான் பயணிகள் விமானங்கள் பறந்தன. 2024 மார்ச்சில், சோமாலியக் கொள்ளையர் பிடியில் மூன்று மாதம் இருந்த ‘ரூன்’ கப்பலை நம் கடற்படை மீட்டபோது அதிலிருந்த 17 ஊழியர்களும் உயிரோடு வந்தார்கள். அந்தப் பதினேழு பேரில் ஒருவர்கூட இந்தியர் இல்லை.

மகள் கேட்டால்? இதே பதில்தான். மாலுமிப் பணி பெண்களுக்குத் திறந்தது அக்னிபத் திட்டத்தோடுதான். 2023 மார்ச்சில் சில்காவில் பயிற்சி முடித்த முதல் அணியிலேயே 270க்கும் மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள். என்.டி.ஏ.வில் பயிற்சி முடித்த முதல் 17 பெண்கள் 2025 மே 30 அன்று வெளியே வந்தார்கள். அதற்கு முந்தைய நாள்தான், புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபாவும் கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும் ‘தாரிணி’ பாய்மரப் படகில் இருவராகவே உலகைச் சுற்றிவிட்டு, எட்டு மாதத்துக்குப் பின் கோவா கரை தொட்டார்கள். “நாளைக்கு மாப்பிள்ளை கிடைக்குமா?” என்று கேட்கும் சொந்தங்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பை மகள் தலையில் போடாதீர்கள். அது நம் வேலை.

எல்லாம் செய்தும் தேர்வாகாமல் போகலாம். விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலோர் திரும்பி வருகிறவர்கள்தான். அன்றைக்கு வீட்டில் யாரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டுவிடக் கூடாது. பிள்ளைக்கு அது கேட்கும். இரண்டு நாள் விடுங்கள். பிறகு வயது இன்னும் இருக்கிறதா, அடுத்த அறிவிப்பு எப்போது என்று நீங்களே பேச்செடுங்கள்.

கடற்படையில் பிள்ளைகள் இருக்கிற வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் ஆறு மாதத்தை உங்கள் வீடு எப்படிக் கடந்தது, யார் கைகொடுத்தார்கள், எதை முன்பே தெரிந்துகொண்டிருக்கலாம் என்று தோன்றியது என்பதை எழுதி அனுப்புங்கள். பிள்ளையின் பெயர், கப்பல், இருக்கும் இடம் எதுவும் வேண்டாம். அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கி வைக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்