ஓர் அறை காலியாக இருக்கட்டும்!

குடல்வால் வெடித்தவரும், வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடக்கும் தாயும், லாரி மோதி எலும்பு வெளியே தெரியக் கிடப்பவரும் நாள் குறித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. இத்தகையோருக்கு அறுவைச் சிகிச்சை செய்யவல்ல ஆஸ்பத்திரியை, 2030-க்குள் ஒவ்வொரு நாட்டிலும் குறைந்தது 80 சதவிகித மக்கள் 2 மணி நேரத்தில் அடைய வேண்டும் என்று 2015-இல் லான்செட் உலக அறுவைச் சிகிச்சை ஆணையம் கூறியது. தோட்டத்து மண்சாலையில் கழியும் நேரமும் அந்த 2 மணியில் அடக்கம்.

ஆனால் தோழர்களே, வாசலை அடைந்தால் மட்டும் போதுமா? உள்ளே எல்லா அறைகளும் முன்பே நாள் குறித்தவர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தால், அவசர நோயாளி எங்கே போவார்?

அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், செயின்ட் ஜான்ஸ் ஆஸ்பத்திரியின் 32 அறுவை அறைகளும் நிரம்பி வழிந்தன. அவசர நோயாளி வந்தால் மற்றவர்களின் முறை தள்ளிப்போயிற்று. டாக்டர்கள் இரவெல்லாம் உழைத்தார்கள். 2002-இல் ஓர் அறையை அவசரத்துக்கென்றே ஒதுக்கினார்கள். இருப்பதே போதாதபோது ஒன்றைக் காலியாக விடுவதா என்ற ஐயம் எழாமல் இல்லை. நடந்தது என்ன? மொத்தச் சிகிச்சைகள் 5 சதவிகிதம் கூடின. பிற்பகல் 3 மணிக்கு மேல் நடந்தவை 45 சதவிகிதம் குறைந்தன. அவசர நோயாளிக்குத் தனி இடம் கிடைத்ததால், அன்றைய வரிசை குலைவது நின்றது.

நமக்கு இது விளங்காத கணக்கல்ல. மாற்றாள் இல்லாத தோட்டத்தில் ஒருவர் காய்ச்சலில் படுத்தால், வெட்டு வேலை முழுவதும் குழம்பிப் போகிறதல்லவா?

அறை மட்டும் இருந்து பயனில்லை. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரும் தாதியரும் இல்லாத மேசை வெறும் பலகைதான். நிமிடங்களில் செய்ய வேண்டியது எது, மணிகளில் செய்ய வேண்டியது எது, சில நாள் பொறுக்கக்கூடியது எது என்று நோயின் கடுமை பார்த்தே முறை வகுக்க வேண்டும். ஆளின் அந்தஸ்தைப் பார்த்தல்ல.

ஆகவே நாம் கேட்பது இரண்டு. அறுவைச் சிகிச்சை நடக்கும் பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும், இரவும் பகலும் ஆட்களோடு தயாராக ஓர் அவசர அறை இருக்க வேண்டும். அவசர நோயாளிகள் காத்திருந்த நேரத்தைக் குறித்து, ஆண்டுதோறும் பொதுமக்களுக்கு வெளியிட வேண்டும்.

காலி அறை வீண் செலவு என்பார்கள் சிலர். தீப்பிடிக்காத நாளில் பொம்பா வண்டி சும்மா நிற்கிறதே, அதையும் விற்றுவிடலாம் என்பார்களா?