கவரிங் கம்மலும் கால் ஸ்டென்டும்: நிக்கல் இல்லாத மாற்று எங்கே?

கவரிங் கம்மல் போட்டால் காது அரிக்கிறதா? பெரும்பாலும் காரணம் நிக்கல்தான். பல் கிளிப் கம்பிகளிலும், கால் ரத்தக்குழாய் ஸ்டென்ட்களிலும் பயன்படும் நிட்டினாலில் எடைக்கணக்கில் சுமார் 55% நிக்கல், மீதி டைட்டானியம். சுமார் 8% இழுத்தாலும் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். மேலே படியும் ஆக்சைடு படலம் நிக்கல் கசிவைக் குறைப்பதால் பலருக்கும் பிரச்சினை இல்லை. அலர்ஜி உள்ளவர்கள் என்ன செய்வது?

நிக்கலுக்குப் பதில் நியோபியம் சேர்த்தால், மீளும் திறன் சுமார் 3% ஆகச் சுருங்குகிறது. கூடவே சிர்கோனியம், தகரம் சேர்த்து அதைக் கூட்டுகிறார்கள் ஜப்பான் ஆய்வாளர்கள். இந்த ஆய்வு வேகம் பிடிக்க வேண்டும்.

அதுவரை, கிளிப்போ ஸ்டென்டோ வைக்கும் முன் ‘கவரிங் எனக்கு ஒத்துக்காது’ என்று டாக்டரிடம் சொல்லிடுங்க. மருத்துவமனைகளும் அதைக் கேட்பதை வழக்கமாக்கட்டும்.