ஓலையில் எழுதிய கடனும் கரிமக் கணக்கும்

திருவெண்ணெய்நல்லூர் என்றதும் இலக்கிய வாசகனுக்கு நினைவுக்கு வருவன மூன்று: கம்பனைப் புரந்த சடையப்ப வள்ளல், சிவஞானபோதம் அருளிய மெய்கண்டார், சுந்தரரை ஆட்கொண்ட ஓலை. மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன். பெரியபுராணம் சொல்லும் அந்த வழக்கு விந்தையானது. புத்தூரில் மணக்கோலத்தில் இருந்த நம்பியாரூரரிடம் முதிய அந்தணர் ஒருவர் வந்து, ‘நீ எனக்கு அடிமை’ என்கிறார். சான்று, பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை. பேரன் அதைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். கிழிந்தது படியோலைதான், மூல ஓலை பத்திரமாக இருக்கிறது என்கிறார் முதியவர். வழக்கு வெண்ணெய்நல்லூர் அவைக்கு வருகிறது. அவையோர் கையெழுத்தை ஒப்புநோக்கிப் பார்த்து, பாட்டன் எழுதியது பேரனைக் கட்டும் என்று தீர்ப்புச் சொல்கிறார்கள்.

புவி வெப்பமடைதல் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு இந்த ஓலை நினைவுக்கு வருகிறது. பாட்டன்மார் எரித்த நிலக்கரியின் புகை இன்னமும் வானில்தான் இருக்கிறது. கடன் பேரன் பேத்திகளின் தலையில். ஒரே ஒரு வேறுபாடு. ஆரூரரைக் கட்டியது அவருடைய சொந்தப் பாட்டனின் கையெழுத்து. நம்மைக் கட்டும் ஓலையிலோ பெரும்பாலும் அயலாருடைய பாட்டன்மாரின் கையெழுத்துகள். ஆகவே, ‘சிற்றூரில் நடக்கும் சின்னஞ்சிறு சிகிச்சை மையம் ஒன்று தன் கரிமத் தடத்தைக் குறைக்க வேண்டுமா?’ என்று கேட்டால், ‘அவர்கள் எழுதாத ஓலைக்கு அவர்களை ஏன் அவைக்கு இழுக்கிறீர்கள்?’ என்று திருப்பிக் கேட்கத்தான் முதலில் தோன்றும்.

ஆயினும் கேள்வியை அப்படியே தள்ளிவிட முடியவில்லை. 2019இல் வெளியான ஓர் அறிக்கை, உலகின் மொத்தப் பசுங்குடில் வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 4.4 விழுக்காடு மருத்துவத் துறையைச் சேர்ந்தது என்று கணக்கிட்டது. நோயைத் தீர்க்க வந்த துறையே நோய்க்குக் காரணமான புகையைக் கக்குகிறது என்பது உறுத்தலான செய்தி. பிரிட்டனின் தேசிய நலவாழ்வுச் சேவை, தன் நேரடி வெளியேற்றத்தை 2040க்குள் நிகரச் சுழியம் ஆக்குவதாக 2020 அக்டோபரில் அறிவித்தது. இந்த அலை நம் ஊர்களையும் தொடும். மையத்துக்குப் பொருளுதவி செய்வோர் நாளை இதைக் கேட்பார்கள். கேட்கும் முன்பே நாம் நம் கணக்கை நம் மொழியில் எழுதிப் பார்த்துக்கொள்வது நல்லது.

நான் மனத்தில் கொண்டிருப்பது பெரிய மருத்துவமனையை அன்று. ஒரு கூடம், இரண்டு அறைகள், இயன்முறை மருத்துவர் ஒருவர், பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர், நாலைந்து மின்விசிறிகள், சில கருவிகள். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளும் பக்கவாதத்தில் ஒருபுறம் செயலிழந்த பெரியவர்களும் வந்துபோகும் இடம். இத்தகைய மையம் ஒன்று மாதம் 200 யூனிட் மின்சாரம் செலவழிப்பதாகக் கொள்வோம். நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னமும் நிலக்கரியிலிருந்து வருவதால், ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு. ஆக, மாதம் 140 கிலோ.

இப்போது வாசலுக்கு வெளியே பாருங்கள். 20 பேர் வாரம் இருமுறை, போகவர 20 கிலோமீட்டர் பயணம் செய்து வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு 160 வருகைகள், 3,200 கிலோமீட்டர். அனைவரும் இருசக்கர வண்டியில் வந்தால் 64 லிட்டர் பெட்ரோல், லிட்டருக்கு 2.3 கிலோ வீதம் 147 கிலோ கரியமில வாயு. கட்டடத்தின் மின்சாரக் கணக்கைத் தொட்டுவிட்டது. ஆனால் பக்கவாதக்காரர் பின்னிருக்கையில் உட்கார முடியாது. கழுத்து நிற்காத குழந்தையையும் அப்படிக் கொண்டுவர முடியாது. வாடகைக் கார் பிடிக்கிறார்கள். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றாலும் 490 கிலோ. மின்சாரத்தைப்போல் மூன்றரை மடங்கு. எண்களை வாசகர் தத்தம் ஊருக்கேற்ப மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். முடிவு பெரிதாக மாறாது. சிறு மையத்தின் கரிமத் தடம் அதன் கூரைக்குக் கீழே இல்லை, அதை நோக்கி வரும் சாலைகளில் இருக்கிறது.

எனவேதான் வழக்கமாகச் சொல்லப்படும் இரண்டு மருந்துகளிலும் எனக்கு நிறைவில்லை. ஒன்று, வளாகத்தில் மரம் நடுதல். நல்ல காரியம், நிழலாவது கிடைக்கும். மற்றொன்று, கூரையில் சூரியத் தகடு. அதுவும் வேண்டியதே. ஆனால் இரண்டும் வாசலுக்கு உள்ளேயே நின்றுவிடுகின்றன. வெளியே வாடகைக் காருக்குக் கொடுத்தது போக மருந்துக்குக் காசில்லாமல் நிற்கும் தாயின் கணக்கு அவற்றில் சேர்வதில்லை. புகையின் கணக்கும் அவளுடைய வழிச்செலவின் கணக்கும் ஒரே ஏட்டில் எழுதப்பட வேண்டியவை என்பது என் துணிபு.

சிக்கனமும் தரமும் ஒன்றுக்கொன்று பகை என்று நினைப்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை நாமெல்லோரும் அறிவோம்; புதுச்சேரி தவளக்குப்பத்தில் உள்ள கிளை நம் பகுதிக்கு அருகிலேயே இருக்கிறது. அங்கு நடக்கும் கண்புரை அறுவை சிகிச்சையை ஆராய்ந்து 2017இல் வெளியான கட்டுரை, ஓர் அறுவைக்கு ஏறத்தாழ 6 கிலோ கரியமில வாயுவுக்கு நிகரான வெளியேற்றமே ஆகிறது என்றது. பிரிட்டனில் அதே அறுவைக்குக் கணக்கிடப்பட்டிருந்தது ஏறத்தாழ 180 கிலோ. இரு ஆய்வுகளின் அளவுகோல்களும் முற்றிலும் ஒன்றல்ல. என்றாலும் இருபது மடங்குக்கு மேற்பட்ட இந்த இடைவெளி அளவுகோலால் மட்டும் வந்ததன்று. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிவதற்குப் பதிலாகக் கிருமிநீக்கம் செய்து மீண்டும் பயன்படுத்துவதும், வீணாகாமல் ஓடும் வேலை ஒழுங்கும் அதற்குக் காரணங்கள். குறைந்த செலவில் நிறைய பேருக்குப் பார்வை தர வேண்டும் என்று செய்த ஏற்பாடு, புகையையும் தானே குறைத்துவிட்டது.

அறுவை அரங்கம் இல்லாத சிகிச்சை மையத்துக்கு இதற்கு ஈடான ஏற்பாடு எது? நோயாளி இருக்கும் இடத்துக்குப் போவது. தென்காசி அருகே ஆய்க்குடியில் எஸ். இராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இவ்வழியில் நெடுந்தூரம் வந்திருக்கிறது. பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்கள் குழந்தையின் வீட்டுக்கே போகிறார்கள்; வல்லுநர்கள் கைப்பேசிச் செயலி வழியே முன்னேற்றத்தைப் பார்த்து வழிகாட்டுகிறார்கள். 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை ஒரு கூறு. இவை எவையும் கரிமத்துக்காகத் தொடங்கப்பட்டவை அல்ல. ஆனால் நம் கணக்கில் வைத்துப் பாருங்கள். 20 பேர் தனித்தனியே 3,200 கிலோமீட்டர் வருவதற்குப் பதில், ஒரு சிகிச்சையாளர் வாரம் இருநாள் இருசக்கர வண்டியில் 40 கிலோமீட்டர் சுற்றிவந்தால் மாதம் 320 கிலோமீட்டர். 15 கிலோ கரியமில வாயு. எல்லோரையும் ஒருவரே பார்த்துவிட முடியாது என்று கொண்டு அதை இரட்டித்தாலும் 30 கிலோதான்.

மறுப்புகள் இல்லாமல் இல்லை. கருவிகளை வண்டியில் கட்டிக்கொண்டு போக முடியாது. கைப்பேசித் திரை ஒருபோதும் சிகிச்சையாளரின் கையாகாது; இறுகிய தசையைத் தொட்டுத்தான் அறிய வேண்டும். இவற்றைவிடக் கனமான மறுப்பு இன்னொன்று. ஊனமுற்ற குழந்தையின் தாய்க்கு மையம் என்பது சிகிச்சை பெறும் இடம் மட்டுமன்று. தன்னைப்போன்ற பிற தாய்மாரைக் காணும் இடம். அதை அவளிடமிருந்து பறித்து, வீட்டுக்குள்ளேயே இருத்திவிட்டு, புகை குறைந்தது என்று மார்தட்டுவது அறமாகாது. ஆகவே மையத்தை மூடச் சொல்லவில்லை. மாதம் இரண்டொரு நாள் எல்லோரும் மையத்தில் கூடட்டும். மற்ற நாட்களில் அங்கன்வாடியிலோ ஊர்ப் பொதுக்கட்டடத்திலோ நாலைந்து குழந்தைகளை ஒன்றுசேர்த்துப் பயிற்சி தரட்டும். சந்திப்பு நேரத்தைப் பேருந்து வரும் நேரத்துக்கு ஏற்பக் குறிக்கட்டும். எப்படியும் ஓடப்போகிற பேருந்தில் ஒருவர் கூடுதலாக ஏறுவதால் புகை ஏறுவதில்லை.

இந்தக் கணக்கில் ஒளிந்திருக்கும் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். மொத்தப் புகையை மட்டும் அளந்தால், மிகக் குறைவாகப் புகை விடுபவர் வருவதையே நிறுத்திவிட்ட நோயாளிதான். காசில்லாமல் நின்றுபோன குழந்தை ஏட்டில் சேமிப்பாகத் தோன்றும். வறுமையைப் பசுமை என்று பெயர்மாற்றி மெச்சுவது இப்படித்தான் நேர்கிறது. அரவிந்த் ஆய்வில் நான் மதிப்பது ஒன்று: அது ஓர் அறுவைக்கு எவ்வளவு என்று கேட்டது. நாமும் மாதத்துக்கு எவ்வளவு என்று கேட்காமல், எழுந்து நின்ற ஒரு குழந்தைக்கு எவ்வளவு, கரண்டி பிடிக்கக் கற்ற ஒரு கைக்கு எவ்வளவு என்று கேட்க வேண்டும். வராமல் போனவர் பெயரை அதே ஏட்டின் எதிர்ப்பக்கத்தில் நட்டமாக எழுத வேண்டும்.

கடனை வசூலிக்க வருபவர் கையெழுத்தை ஒப்புநோக்கிக் கொண்டிருப்பதில்லை என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரைகடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. தென்பெண்ணை பெருக்கெடுத்தது, அரசூரில் தேசிய நெடுஞ்சாலையில் வெள்ளம் ஓடிப் போக்குவரத்து நின்றது. ஒரு புயலை மட்டும் தனியே காட்டி இது வெப்பமயமாதலின் விளைவு என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கடலும் காற்றும் சூடாகச் சூடாக இத்தகைய பெருமழைகள் கூடும் என்பதில் அறிவியலாளரிடையே ஐயமில்லை. சாலை அறுந்த அந்த நாட்களில் தொலைவில் இருந்த எந்தச் சிகிச்சை மையமும் யாருக்கும் பயன்பட்டிருக்காது. நடந்துபோகும் தொலைவில், பயிற்சி பெற்ற ஒருத்தி அதே ஊரில் இருந்தால் மட்டுமே அக்குழந்தைக்கு அந்த வாரப் பயிற்சி கிடைத்திருக்கும். சிறு மையங்களை நடத்தும் நண்பர்கள் புதிய கருவி வாங்க எடுத்துவைக்கும் பணத்தில் ஒரு பகுதியை அப்படி ஊருக்கொருவரைப் பயிற்றுவிக்கச் செலவிட வேண்டும் என்பதே என் கோரிக்கை.